தரவையும் கட்டாக்காலியும்

‘மாடு எங்க?’ என்று கேட்டால் ‘தரவையில நிக்குது’ என்று பதில் வரும். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மரம் அடராத, வேலி போடாத, தாழ்ந்த வெளி அது. மாரியில் தண்ணீர் நிற்கும். தண்ணீர் வற்றப் புல்லும் கோரையும் தலைகாட்டும். கோடையில் உப்புப் பூத்து நிலம் வெளுக்கும். அப்போது ஊர்ப் பிள்ளைகள் அங்கே பந்தடிப்பார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் தரவை.

இதைத் ‘தரை’யோடு உறவாக்கிப் பார்க்க எவருக்கும் மனம் வரும். ஒலி ஒற்றுமையை மட்டும் பிடித்துக்கொண்டு வேர் தேடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு சொல் எந்தச் சொற்களோடு பழகுகிறது என்று பார்ப்பதே நல்லது. தரவை என்றதும் கூடவே வருபவை மேய்ச்சலும் மாரியும் வெள்ளமும். வளவு, குடியிருப்பு, அத்திவாரம் என்ற சொற்களெல்லாம் அதற்கு வெளியே நிற்பவை.

இந்த விலகலை மன்னார்த் தீவு ஊர்ப்பெயர்களிலேயே வைத்திருக்கிறது. ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள, பெரும்பாலும் மணலான தீவு. ஆறு கிடையாது. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கிணறுகள் அள்ளித் தருவது அந்த நீரைத்தான். மேடு எது, பள்ளம் எது என்று அறியாமல் இங்கே ஒரு குடும்பம்கூடப் பிழைத்திருக்க முடியாது. எருக்கலம்பிட்டியில் இருக்கும் ‘பிட்டி’ மணல்மேடு. ஓலைத்தொடுவாயில் இருக்கும் ‘தொடுவாய்’ கடல்நீர் உள்ளே வந்துபோகும் வாய். தாழ்வுபாட்டின் ‘தாழ்வு’ தன்னையே சொல்லிவிடுகிறது. ‘பாடு’ என்பது கரைவலை இழுக்கும் கரைத்துண்டு. தோட்டவெளியில் ‘வெளி’யே இருக்கிறது. தரவன்கோட்டை என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் தரவைதான் விழுகிறது. பிட்டியில் வீடு, வெளியில் மாடு, தரவையில் தண்ணீர் என்று ஒதுக்கி வாழ்ந்தவர்களின் சொற்கள் இவை.

ஆனால் ஊருக்கு வெளியிலிருந்து வந்து ‘இது யாருடைய காணி?’ என்று கேட்பவரிடம் நாமே என்ன சொல்கிறோம்? ‘அது சும்மா கிடக்கிற காணி’ என்கிறோம். இந்தச் ‘சும்மா’வில்தான் எல்லாம் தொலைந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் ஆட்கள் குடியிராத, பயிரிடாத நிலமும் பிரித்தானிய முடிக்கே உரியவை என்று அனுமானித்தது. அல்ல என்று காட்டும் பொறுப்பைக் குடிமக்கள் தலையில் வைத்தது. மலைநாட்டில் கோப்பிக்காக நிலம் விலைபோன காலம் அது. ஆனால் சட்டம் இலங்கை முழுமைக்கும் பொதுவானது. உழுத நிலத்துக்கு உறுதி காட்டலாம். வருடத்தில் மூன்று மாதம் தண்ணீரும் மிச்ச மாதங்களில் மாடும் நிற்கும் தரவைக்கு எவர் உறுதி காட்டுவார்? ஊரின் பொதுவழக்கம் காகிதத்தில் ‘தரிசு’ ஆனது. முடிக்குரிய காணி பின்னர் அரச காணி ஆனது.

காகிதச் சொல் ஒருபக்கமாக மட்டும் வெட்டுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள், போர் முடிந்து மன்னார் மாவட்டத்து முசலிப் பக்கம் திரும்பினபோது ஊர் பற்றைபிடித்துக் கிடந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி அயலில் பல காணிகள் 2012 ஒக்டோபர் வர்த்தமானியில் காடு என்று பெயர் பெற்றன. வீடு கேட்டவர்கள் காடழிப்பவர்களாகப் பேசப்பட்டார்கள். ஆகவே வீடு கூடாது என்று எழுத எனக்குக் கை வராது. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் மழையைக் கழித்தவர்களுக்குக் கல்வீடு வேண்டும். அதைத் தரவையில் கட்டினால், கட்டியவர் வீட்டுக்குள்ளேயே மாரி வந்து நிற்கும். கிரவல் கொட்டி வளவை உயர்த்தினால் அந்தத் தண்ணீர் அயல்வீட்டுக்குப் போகும். முன்னைய பெரியவர்கள் அங்கே குடியேறாதது நிலம் மிஞ்சிக் கிடந்ததால் அல்ல.

2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது முன்னால் நின்றவை காற்றாலைகளும் இல்மனைற் மணல் அகழ்வும். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றுமின் நிலையத்தின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. அவற்றின் அடித்தளங்களும் போக்குவரத்துப் பாதைகளும் மழைநீர் ஓடும் வழியை மறித்துவிட்டன என்பது மக்களின் முறைப்பாடு. எதிர்ப்பு வலுத்தபின் புதிய வேலைகளை ஜனாதிபதி ஒரு மாதம் நிறுத்திவைத்தார். வீடோ காற்றாலையோ மணல் அகழ்வோ, எது வந்தாலும் முதலில் கண் வைப்பது ‘சும்மா கிடக்கிற’ இடத்தில்தான். தண்ணீர் ஓட வழி விடுங்கள் என்று அந்த மக்கள் கேட்டதை நான் தரவையின் பொருளாகவே கேட்டேன்.

தீவுக்குப் போகும் தாம்போதியருகே வங்காலைச் சதுப்பு இருக்கிறது. 2008இல் அதற்குச் ‘சரணாலயம்’ என்ற பெயர் கிடைத்தது, 2010இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடமும் கிடைத்தது. அங்கே வரும் பூநாரைக்கு ஒரு காகிதச் சொல் அமைந்தது பெரும் நன்மை. மாட்டுக்கு அப்படி ஒன்று இன்னும் அமையவில்லை. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட உட்கார்ந்ததும் இந்தக் குறையால்தான். மேய்ச்சல் வெளி தொலைந்தால் என்ன மிஞ்சும் என்பதற்குச் சாட்சியாகச் சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பகுதி உண்டு; மந்தையும் இல்லை, வெளியும் இல்லை, வீடுகள் நிறைந்து பெயர் மட்டும் நிற்கிறது.

தரவை சுருங்கச் சுருங்க இன்னொரு சொல் பெருத்து வருகிறது: கட்டாக்காலி. ‘காலி’ என்றால் கால்நடை. கன்றுகாலி என்பதில் இருக்கும் அதே காலி. கட்டாமல் விட்ட மாடு கட்டாக்காலி. வீதியில் திரியும் கட்டாக்காலிகள் பிடிக்கப்படும், உரிமையாளரிடம் தண்டம் அறவிடப்படும் என்று உள்ளூராட்சி சபைகள் அறிவிக்கின்றன. விபத்துகள் நடப்பதால் அறிவித்தல் தேவைதான். ஆனால் தரவையில் நின்ற காலத்திலும் அந்த மாட்டை எவரும் கட்டவில்லை. அப்போது அதற்குப் பெயர் வெறும் மாடு.