பென்சில் விழாத கூந்தல்

1950ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க அரசு மக்கள் பதிவுச் சட்டம் என்ற ஒரு சட்டத்தை இயற்றியது. நாட்டு மக்கள் ஒவ்வொருவரையும் இன்ன இனத்தவர் எனப் பிரித்துப் பதிவு செய்வதே அதன் நோக்கம். ஒருவர் எந்த இனத்தவர் என்பதில் ஐயம் எழுந்தபோது அதிகாரிகள் கையாண்ட சோதனைகளுள் ஒன்று மிகவும் எளியது. அவருடைய தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகுவார்கள். பென்சில் நழுவிக் கீழே விழுந்தால் அவர் வெள்ளையர். முடியிலேயே சிக்கி நின்றுவிட்டால் வெள்ளையர் அல்லர். எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பனவெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்திருந்தன. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வெவ்வேறு இனத்தவராகப் பதிவானதும் உண்டு. அச்சட்டம் 1991இல் நீக்கப்பட்டது.

இனி அந்தப் பென்சிலை எடுத்துக்கொண்டு வேறோர் உலகுக்குச் செல்வோம். திரைப்படங்களிலும் விளையாட்டுகளிலும் கணிப்பொறி படைக்கும் மாந்தர்கள் வாழும் உலகம் அது. அங்கு நெடுங்காலம் எவருடைய தலையில் பென்சிலைச் செருகினாலும் பெரும்பாலும் அது கீழேதான் விழுந்திருக்கும். அந்த உலகில் யாரும் சட்டம் இயற்றவில்லை. யாரும் தீங்கு நினைத்ததாகவும் தெரியவில்லை. பின் ஏன் இவ்வாறு நேர்ந்தது? இதற்கு விடை காண இயற்பியலின் துணை தேவை.

கம்பியும் கூந்தலும்

ஒரு மயிரிழை என்பது மிக மெல்லிய மீள்தன்மையுள்ள கம்பியே ஆகும். அது வளையும், முறுக்கும் கொள்ளும். வளையும் கம்பியின் வடிவத்தை ஆய்லர் 1744இலேயே ஆராய்ந்தார். வளைவையும் முறுக்கத்தையும் ஒருசேரக் கணிக்கும் முறையைக் கிர்க்காஃப் 1859இல் வகுத்தார். நேரான கம்பிக்கும் ஸ்பிரிங் போலச் சுருண்ட கம்பிக்கும் அது ஒருங்கே பொருந்தும். எனவே ஆப்பிரிக்க மக்களின் சுருள்முடியைக் கணிக்கும் வழி இயற்பியலில் இல்லை என்று எவரும் கூற முடியாது. வழி இருந்தது, அதில் நடந்தவர்கள்தாம் குறைவு.

முடி ஏன் சுருள்கிறது என்பதையும் இங்கு நோக்குவோம். தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால் நேராக இருந்தால் முடி நேராக வளர்கிறது. மயிர்க்கால் வளைந்திருந்தால் முடியும் சுருண்டே வெளிவருகிறது. இறுகச் சுருண்ட முடியின் குறுக்குவெட்டு வட்டமாக இராது. தட்டையான நீள்வட்டமாக இருக்கும். இத்தகைய முடிக்கு இயற்கையில் ஒரு பயனும் உண்டு. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், வெப்பமூட்டிய மனிதப் பொம்மை ஒன்றின் தலையில் மூவகைப் பொய்முடிகளை அணிவித்துச் செயற்கை வெயிலில் வைத்து அளந்தார்கள். உச்சந்தலைக்குச் சேரும் வெயிலின் வெப்பத்தை மிகுதியாகத் தடுத்தது இறுகச் சுருண்ட முடியே. மனித இனம் தோன்றிய வெயில் நிலத்துக்கு அது நல்லதொரு குடை!

பொம்மைக் கரடியிலிருந்து இளவரசி வரை

கணிப்பொறிப் படங்களில் மயிரின் வரலாறு மனிதரிடமிருந்து தொடங்கவில்லை. 1989இல் அமெரிக்காவில் கஜியா, கே என்ற இருவர் ஒரு பொம்மைக் கரடியின் மயிரை நம்பத்தக்க முறையில் தீட்டிக் காட்டினர். ஒவ்வோர் இழையையும் மெல்லிய உருளையாகக் கொண்டு, அதன் மீது ஒளி எவ்வாறு எதிரொளிக்கிறது என்பதற்கு எளிய சமன்பாட்டைத் தந்தனர். 2001இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி' படத்தின் கதாநாயகிக்கு ஏறத்தாழ 60,000 முடிகள். அத்தனையும் தோளுக்கு மேல் வெட்டிய நேரான கூந்தல்.

2003இல் மார்ஷ்னரும் அவருடைய குழுவினரும் மனித முடியில் படும் ஒளி செல்லும் மூன்று வழிகளைப் பிரித்துக் காட்டினர். மேற்பரப்பில் எதிரொளிப்பது ஒன்று; முடியை ஊடுருவி மறுபுறம் செல்வது மற்றொன்று; உள்ளே நுழைந்து பின்புறச் சுவரில் எதிரொளித்துத் திரும்பி வருவது மூன்றாவது. எண்ணெய் தடவி வாரிய கூந்தலில் ஓர் ஒளிப்பட்டை தெரிவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? அருகருகே உள்ள இழைகள் இணையாகக் கிடப்பதால் விளைவது அது. இறுகச் சுருண்ட முடியிலோ ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு திசையை நோக்கும். ஆகவே அங்கே பட்டை தோன்றாது; சிதறிய ஒளிப்புள்ளிகளே தோன்றும். தலையில் ஒளிப்பட்டை விழுந்தால்தான் அது முடி என்று கண்களைப் பழக்கிவிட்டால், சுருள்முடி எப்படித் தோன்றினாலும் பிழையாகவே தோன்றும்.

சுருள்முடியை எவரும் தொடவே இல்லை என்பதன்று. 2006இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் ஒவ்வோர் இழையையும் சிறு சிறு திருகுசுருள்களின் தொடராகக் கொண்டு கணித்தனர். 2012இல் பிக்ஸார் நிறுவனம் 'பிரேவ்' படத்தின் ஸ்காட்லாந்து இளவரசிக்காகப் புதிய கணிப்பு முறையையே உருவாக்கியது. ஏறத்தாழ 1,500 சுருள் இழைகளை வடித்து, அவற்றிலிருந்து 1,11,000க்கும் மேற்பட்ட முடிகளைப் பெருக்கினார்கள். ஆனால் அவை தளர்ந்த செந்நிறச் சுருள்கள். கற்றை கற்றையாகத் தொங்குபவை. பென்சில் அங்கும் நிற்பது ஐயமே.

இரு சுருள்களின் சராசரி

இங்குதான் இயற்பியல் மாணவர் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. மனிதத் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உள்ளன. அத்தனையையும் தனித்தனியே கணிப்பது பெருஞ்செலவு. ஆகவே சில நூறு அல்லது சில ஆயிரம் 'வழிகாட்டி' இழைகளை மட்டும் கணிப்பார்கள். இடையிலுள்ள முடிகளை, பக்கத்து வழிகாட்டிகளின் சராசரியாக நிரப்பிவிடுவார்கள். நேரான கூந்தலில் இது நன்றாகவே பொருந்துகிறது. இரு நேர்கோடுகளின் சராசரி மற்றொரு நேர்கோடுதானே!

இரண்டு பேனா ஸ்பிரிங்குகளை அருகருகே நிறுத்துவோம். ஒன்றின் சுருள் வலப்புறம் இருக்கும் உயரத்தில் மற்றதன் சுருள் இடப்புறம் இருக்கட்டும். அதாவது அவற்றின் கட்டம் அரைச் சுற்று வேறுபடட்டும். இப்போது இவ்விரண்டின் சராசரி என்ன? வலமும் இடமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, எஞ்சுவது ஒரு நேர்கோடு! ஆப்பிரிக்க மக்களின் தலையில் உச்சிக்கு அருகே பக்கத்துப் பக்கத்து முடிகளின் கட்டங்கள் ஒத்திருப்பதில்லை. அத்தகைய முடியைப் பழைய முறையிடம் ஒப்படைத்தால், கணிப்பொறி தானே அதை நீவி நேராக்கிவிடும்.

செலவுக் கணக்கும் உண்டு. ஆரம் 5 மில்லிமீட்டர் உள்ள சுருளின் ஒரு சுற்று ஏறத்தாழ 31 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் முடியில் ஒன்பது அல்லது பத்துச் சுற்றுகள். ஒரு சுற்று கோணல் இன்றித் தெரியப் பன்னிரண்டு புள்ளிகளாவது வேண்டும். நேரான முடிக்குப் பத்துப் புள்ளிகள் போதுமெனில், இதற்கு நூற்றுக்கு மேல் வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்குவதற்கு இது போதிய காரணமாயிற்று. அந்தப் 'பிறகு' முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது.

விரல்கள் அறிந்த கணிதம்

கணிப்பொறி அறியாததை ஆப்பிரிக்கப் பெண்களின் விரல்கள் அறிந்திருந்தன. நைஜீரிய ஒளிப்படக் கலைஞர் ஒகாய் ஒஜெய்க்கெரெ 1968 முதல் தம் நாட்டுப் பெண்களின் சிகை அலங்காரங்களைப் படமெடுத்து, ஏறத்தாழ ஆயிரம் படங்கள் சேர்த்தார். கூடை போல முடைந்தவை, நூல் சுற்றிக் கோபுரம் போல நிறுத்தியவை எனத் திருமணத்துக்கும் விழாவுக்கும் அன்றாடத்துக்கும் தனித்தனி அமைப்புகள் அவற்றில் உள்ளன. அமெரிக்க அறிஞர் ரான் எக்லாஷ் 1999இல் வெளியிட்ட நூலில், தலையோடு ஒட்டிப் பின்னும் வரிப் பின்னலில் ஒரு விதி இருப்பதைக் காட்டினார். ஒரு பின்னல் கண்ணியைச் சிறிது நகர்த்து, சிறிது திருப்பு, சிறிது சுருக்கு. பிறகு அதையே மீண்டும் செய். கணிப்பொறிக்கு எழுதும் நிரலும் இதுவேதான்! பள்ளிப் பிள்ளைகள் இவ்விதியைக் கொண்டு திரையில் பின்னல் வரைந்து வடிவக்கணிதம் கற்கும் மென்பொருளையும் அவர் குழுவினர் உருவாக்கினர்.

வழக்கும் தீர்வும்

2020இல், பிக்ஸாரில் பணியாற்றிப் பின்னர் யேல் பல்கலைக்கழக ஆசிரியரான தியோடர் கிம் ஒரு கட்டுரையில் இதை வெளிப்படையாகச் சொன்னார். 'மனிதத் தோல்', 'மனித முடி' என்று தலைப்பிட்ட ஆய்வுகள் உண்மையில் வெள்ளையரின் தோலையும் முடியையுமே மனிதருக்கு இலக்கணமாகக் கொண்டன என்பது அவருடைய குற்றச்சாட்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலைஞர் ஏ. எம். டார்க், கறுப்பின மக்களின் சிகை வடிவங்களை யாரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்க முப்பரிமாணத் தொகுப்பாகத் திரட்டும் பணியில் ஈடுபட்டார். இருவரும் மாணவர்களுடன் சேர்ந்து 2023இல், 5 மில்லிமீட்டர் ஆரம் வரை இறுகிய சுருள்களை விரைவாகக் கணிக்கும் முறையை வெளியிட்டனர்.

அடுத்து 2024இல் அக்குழுவினர் இன்னும் நுட்பமான மூன்று செய்திகளை எடுத்துக் காட்டினர். உச்சந்தலைக்கு அருகே கட்டம் ஒவ்வாமல் பஞ்சு போல் நிற்கும் முடிகள், சற்று வெளியே வந்ததும் ஒரே கட்டத்தில் பூட்டிக்கொண்டு சுருள்களாகின்றன என்பது முதலாவது. வலமாகச் சுற்றும் சுருள் நடுவில் திசை மாறி இடமாகச் சுற்றத் தொடங்குவது இரண்டாவது. கூட்டத்திலிருந்து ஓரிழை தவறித் தனியே துருத்தி நிற்பது மூன்றாவது. இரண்டாவதை நாம் பாகற்கொடியின் பற்றுக்கம்பியில் காணலாம். இரு முனைகளும் பிணைந்த பற்றுக்கம்பி ஏன் நடுவில் திசை மாறுகிறது என்று 1865இலேயே டார்வின் விளக்கியிருக்கிறார். கொடியில் கண்டதை மனிதத் தலையில் காண நமக்கு மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று!

இது வெறும் படக்கலைச் செய்தியன்று. முடியின் வகையைக் காரணம் காட்டி மாணவரையோ ஊழியரையோ ஒதுக்கலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் 2019இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. தன் உருவைத் திரையில் அமைக்க விரும்பும் ஒரு கறுப்பினச் சிறுமிக்குப் பட்டியலில் தன் முடி இல்லையென்றால், அவள் அறிந்துகொள்வது என்ன?

வகுப்பில் நாங்கள் கரும்பலகையில் எழுதும் முதல் வரி பெரும்பாலும் 'எளிமைக்காக இவ்வாறு கொள்வோம்' என்பதுதான். உராய்வு இல்லை என்போம். கம்பி நேரானது என்போம். அதில் தவறில்லை. தோராயம் இன்றி இயற்பியல் இல்லை. ஆனால் எதைத் தள்ளினோம் என்பதை மறந்து, எஞ்சியதையே முழு உண்மை என்று நம்பத் தொடங்கும்போது தவறு நேர்கிறது. தென்னாப்பிரிக்க அதிகாரி பென்சிலைக் கையில் ஏந்திப் பிரித்தார். கணிப்பொறி ஒரு சராசரியால் பிரித்தது. தள்ளியதைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோதோ, நேர்முடி ஒருபோதும் கற்றுத்தந்திராத புதிய இயற்பியல் கிடைத்தது.