உழவு எஞ்சினும் ஓட்டப் பந்தயமும்



பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் மாசி பெர்குசன் என்னும் பெயர் தாங்கிய டிராக்டரைக் காணாதார் அரியர். அப்பெயரின் பிற்பாதிக்கு உரியவர் ஹாரி பெர்குசன். இரண்டு பந்தயக் கார்களைப் பற்றிப் பேச வந்த நான் டிராக்டரில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு.

1952 அக்டோபரில் லண்டன் மாநகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில் இரண்டு புதிய கார்கள் நின்றன. ஒன்று டொனால்டு ஹீலி வகுத்தது. அதன் வடிவழகைக் கண்ட ஆஸ்டின் தலைவர் லெனார்டு லார்டு உடனே அதனைத் தம் நிறுவனத்திற்கு வரித்துக்கொண்டார். கார் ஆஸ்டின்-ஹீலி 100 ஆயிற்று. மற்றொன்று ஸ்டாண்டர்டு நிறுவனம் தன் டிரையம்ப் பெயரில் வைத்த மாதிரி. அதை ஓட்டிப் பார்த்த கென் ரிச்சர்ட்சன் ஒளிவு மறைவின்றிக் குறை கூறினார். கூறியவரையே அழைத்துத் திருத்தும் பணியில் அமர்த்தினார்கள். இந்தப் பண்பை நான் பெரிதும் மதிக்கிறேன். 1953-ல் டிஆர்2 பிறந்தது. அவ்வாண்டு மே மாதம் பெல்ஜியத்தின் யாப்பெக் சாலையில், தனியே ஒழுங்கு செய்த காரை ரிச்சர்ட்சனே ஓட்டி, மணிக்கு 124 மைல் வேகத்தைத் தொட்டார்.

இரு கார்களுக்கும் ஆற்றல் ஏறத்தாழ 90 குதிரைத் திறனே. ஆனால் ஹீலியின் எஞ்சின் 2660 கன சென்டிமீட்டர். அமெரிக்கரைக் கவர ஆஸ்டின் செய்து, விலைபோகாத அட்லாண்டிக் காரிலிருந்து வந்தது. டிஆர்2-வின் எஞ்சினோ 1991 தான். அதன் பூர்வீகம் வேறு.

ஸ்டாண்டர்டு வான்கார்டு என்ற குடும்பக் கார் 1950-களில் நம் சென்னையிலும் பூட்டப்பட்டது. அதன் சிலிண்டர்கள் எஞ்சின் உடலோடு சேர்த்து வார்த்தவை அல்ல. அவை தனித்தனி உறைகள். குளிர்நீர் அவற்றை நேரே தழுவி நிற்கும். பட்டறைக்காரர்கள் லைனர் என்பார்கள். தேய்ந்தால் கழற்றி மாற்றலாம். வேண்டுமானால் அளவையும் மாற்றலாம். வான்கார்டில் உறையின் உள்விட்டம் 85 மில்லிமீட்டர், கொள்ளளவு 2088. அதை 83 ஆக்கியதும் 1991 ஆயிற்று. இரண்டு லிட்டருக்கு உட்பட்ட போட்டிப் பிரிவில் கார் நுழைந்துவிட்டது! இந்தக் குடும்பத்து எஞ்சினைத்தான் 1947 முதல் பெர்குசன் டிராக்டரிலும் பொருத்தினார்கள்.

ஆகவே டிஆர்2-வை 'டிராக்டர் எஞ்சின் கார்' என்று எள்ளியவர் உண்டு. அது அரை உண்மை. இரட்டைக் கார்புரேட்டரும் உயர்த்திய அழுத்தமும் அதை வேறொன்றாக்கின. வரி நீங்கலாக டிஆர்2-வின் தொடக்க விலை 555 பவுன், ஹீலிக்கு 750. அழகுக்கு என் வாக்கு ஹீலிக்கே. உழைப்புக்கு? 1954-ல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. நெடும்பயணப் போட்டியில் வென்றது டிஆர்2.

1955 ஜூனில் பிரான்சு நாட்டு லெ மான் நகரில் 24 மணி நேரப் பந்தயம். இரு வகைக் கார்களும் களத்தில் இருந்தன. முன்சென்ற ஹீலி ஒன்றின் பின்புறத்தில் மெர்சிடிஸ் மோதிப் பார்வையாளர் கூட்டத்தில் பாய்ந்தது. 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயத்தை நிறுத்தவில்லை. மறுநாள் மாலை அது முடிந்தபோது, புறப்பட்ட மூன்று டிஆர்2-களும் ஓடிக்கொண்டிருந்தன. அதை வெற்றி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.