சைக்கிளில் தொடங்கி ஸ்கூட்டரில் செஞ்சி மலை வரை



இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. கடன் வாங்கி முன்னேறின கதையை நிறைய பேர் எழுதுவாங்க. நான் வேற ஒண்ணு எழுதுறேன். 2024 புரட்டாசிக் கடைசியில நம்ம சங்கப் பெண்கள் ஏழு பேர், ஏழு வண்டியில, செஞ்சி மலைக்குப் போயிட்டு வந்தோம். அந்தப் பயணத்தையும், அதுக்குப் பின்னால இருக்கிற வரலாற்றையும் எழுதணும்னு தோணுச்சு.

புரட்டாசி முடிஞ்சா மரக்காணம் உப்பளத்துல வேலை ஓய்ஞ்சிடும். ஐப்பசி மழை வந்தா பாத்தி எல்லாம் தண்ணிதான். மறுபடி பாத்தி மிதிக்கிற வரைக்கும் கைக்கு வேலை கம்மி. வெயிலும் தணிஞ்சிருக்கும், மழையும் பிடிச்சிருக்காது. அந்த நேரத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாம்னு சங்கக் கூட்டத்துல பேச்சு வந்தது. அப்போ ஒரு பெரியம்மா கேட்டாங்க:

"செஞ்சிக்கு எதுக்குப் போறீங்க? வேண்டுதலா? பேங்க் வேலையா? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல பெரியம்மா, சும்மாதான்."

"சும்மாவா?"

அவங்க தப்பா கேட்கல. பெண்கள் வீட்டை விட்டு வெளியே போகணும்னா ஒரு காரணம் வேணும்னுதான் நாம எல்லாரும் வளர்ந்தோம். "சும்மா"ன்னு சொல்லிட்டுப் போறதுக்கு எத்தனை வருஷம் ஆச்சுன்னு யோசிச்சுப் பாருங்க.

ஸ்கூட்டர் பிறந்த கதை

ஸ்கூட்டர் நம்ம ஊர்ப் பொருள் இல்ல. இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் இத்தாலி நாட்டுல பியாஜியோ கம்பெனி 1946ல வெஸ்பா வண்டியைக் கொண்டு வந்தது. அது அதுவரைக்கும் விமானம் செய்த கம்பெனி. வண்டியை வடிவமைச்ச கொராடினோ டஸ்கானியோவும் விமானப் பொறியாளர்தான். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காதாம். அதனால காலைத் தூக்கிப் போடாம ஏறி உட்கார்ற மாதிரியும், எஞ்சின் சூடும் எண்ணெயும் துணியில படாத மாதிரியும் செஞ்சார். பாவாடை கட்டின பெண்ணும் ஓட்டலாம். நம்ம புடவைக்கும் அதுதான் வசதியாப் போச்சு.

அங்கே கொஞ்ச வருஷத்துல ஸ்கூட்டர் வச்சிருக்கிறவங்க சங்கம் அமைச்சு, லீவு நாள்ல கூட்டமா மலைப் பக்கம் போக ஆரம்பிச்சாங்க. 1953ல வந்த 'ரோமன் ஹாலிடே' படத்துல ஒரு இளவரசி அரண்மனைக்குத் தெரியாம வெளியே வந்து ஒரு நாள் வெஸ்பாவுல ஊர் சுத்துவா. இளவரசிக்கே ஒரு நாள்தான் கிடைச்சது!

நம்ம நாட்டுல லாம்பிரெட்டாவும் பஜாஜும் வந்தப்ப அது ஆம்பளைங்க வண்டி. பணம் கட்டிப் பதிஞ்சிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கினாங்க. அவர் ஓட்ட, குழந்தை முன்னால நிற்க, அம்மா பின்னால ஒருக்களிச்சு உட்கார்ந்து போறதுதான் வழக்கம். 1980ல ஓசூர்ல இருந்து டி.வி.எஸ். 50 வந்தது. கிராமத்துக்கு அதுதான் வண்டி. ஆனா அதையும் பெண்கள் ஓட்டினது குறைவு.

புதுக்கோட்டை காட்டின வழி

பெண்கள் கூட்டமா வண்டி ஏறினதுன்னு சொன்னா நம்ம தமிழ்நாட்டுல புதுக்கோட்டையைத்தான் முதல்ல சொல்லணும். 1991ல அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கத்துக்கிறதோட சைக்கிளும் கத்துக்கணும்னு அவங்க சொன்னாங்க. சைக்கிள் வாங்க பெண்களுக்கு பேங்க் கடன் கிடைக்கவும் ஏற்பாடு செஞ்சாங்க. கல் குவாரியில வேலை செஞ்ச பெண்கள், விவசாயக் கூலிக்குப் போனவங்க, அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைன்னு எல்லாரும் கத்துக்கிட்டாங்க. ஒரு லட்சம் பேருக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காம ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினவங்க உண்டு. முன்னால இருக்கிற கம்பியில குழந்தையை உட்கார வைக்கலாம்னு அதையே விரும்பி வாங்கினவங்களும் உண்டு. தெருவுல அசிங்கமாப் பேசினவங்க பேச்சையும் கேட்டுக்கிட்டுத்தான் ஓட்டினாங்க. 1992 மார்ச் 8 மகளிர் தினத்தன்னைக்கு 1,500 பெண்களுக்கு மேல ஹேண்டில்பார்ல கொடி கட்டி, மணி அடிச்சுக்கிட்டு புதுக்கோட்டை நகரத்துக்குள்ள வந்தாங்க. பிறகு யுனிசெஃப் அமைப்பு அறிவொளிப் பெண்களுக்கு 50 மொபெட் ஒதுக்கினது. அங்கே சைக்கிள்ல ஆரம்பிச்சு மோட்டார் வரைக்கும் வந்தாச்சு.

அதே காலத்துலதான் நம்ம பக்கமும் ஒரு மாற்றம் நடந்தது. மகளிர் சுய உதவிக் குழு 1989ல தருமபுரியில தொடங்கி, 1991-92ல அப்போதைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. நம்ம மரக்காணம் அப்போ தென்னாற்காடுதான். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் பழகின நேரத்துல நம்ம மாவட்டத்து அக்காமார்கள் கையெழுத்துப் போடவும் சேமிக்கவும் பழகிக்கிட்டு இருந்தாங்க.

நம்ம கைக்கு வண்டி வந்தது

கியர் இல்லாத கைனடிக் ஹோண்டா, ஸ்கூட்டி, 2001ல ஆக்டிவான்னு ஒவ்வொண்ணா வந்து ஓட்டுறது சுலபமாச்சு. பள்ளிக்கூடத்துல இலவச சைக்கிள் கொடுத்தாங்க. அது பதினொண்ணாவது போனவங்களுக்கு. நான் பத்தாவதோட நின்னுட்டேன், அதனால எனக்குக் கிடைக்கல. அந்த சைக்கிள்ல போன தோழிகளை வாசல்ல நின்னு பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கு.

2018 பிப்ரவரி 24ஆம் தேதி, வேலைக்குப் போற பெண்களுக்கு ஸ்கூட்டர் மானியத் திட்டம் தொடங்கினாங்க. விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய். லைசென்ஸ் வேணும்னு சொன்னதால ஓட்டுநர் பள்ளி வாசல்ல பெண்கள் வரிசையில நின்னாங்க. நம்ம குழுவுல இரண்டு பேர் அப்படி வாங்கினாங்க. மற்றவங்க குழுக் கடன்லயும், நகையை அடகு வச்சும் பழைய வண்டி வாங்கினோம். 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்லயும் பெண்களுக்குக் கட்டணம் இல்ல.

எல்லாம் நல்ல திட்டம்தான். ஆனா கவனிச்சீங்களா, வண்டி கொடுத்தப்ப எல்லாம் படிக்க, வேலைக்குப் போக, தண்ணி எடுக்கன்னு ஒரு காரணம் கூடவே இருந்தது. வேலைக்குப் போறதுக்கு நமக்கு வழி கிடைச்சது. மனசு ஆறப் போறதுக்கு நாமே கேட்டாத்தான் உண்டு.

செஞ்சி மலையில

காலையில ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஐந்து ஸ்கூட்டர், இரண்டு எக்ஸெல். எல்லாரும் ஹெல்மெட். யாரும் யாரையும் முந்தக் கூடாதுன்னு பேசி வச்சு, எக்ஸெல் வேகத்துக்கே எல்லாரும் போனோம். முருக்கேரி, பிரம்மதேசம், திண்டிவனம் தாண்டி தீவனூர்ல பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு டீ குடிச்சோம். கடைக்காரர், "எந்தக் கட்சிப் பேரணிம்மா?"ன்னு கேட்டார். எங்க கட்சிதான்னு சொன்னோம். அவரும் சிரிச்சுட்டார்.

தீவனூர் தாண்டினா கொஞ்ச நேரத்துல பாறை பாறையா மலை தெரிய ஆரம்பிக்கும். தட்டையான உப்புப் பாத்தியையே பார்த்த கண்ணுக்கு அது புதுசா இருந்தது. செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையைச் சேர்த்துக் கட்டினது. 1677ல சிவாஜி மகாராஜா பிடிச்ச கோட்டை. நாங்க போயிட்டு வந்த பிறகு, 2025 ஜூலையில, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்கள்ல இதுவும் சேர்ந்தது.

நாங்க ஏறினது கிருஷ்ணகிரி. அதுக்கு ராணிக்கோட்டைன்னும் பேர் உண்டு. மேல உட்கார்ந்து புளிசோறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். அப்போ ராஜா தேசிங்கு பேச்சு வந்தது. 1714ல ஆற்காடு நவாப் படையோட சண்டை போட்டு இறந்த இளம் ராஜா. அவர் குதிரை ஏறினதைக் கதையா, கூத்தா இன்னைக்கும் சொல்றாங்க. அவர் மனைவியைப் பற்றி நமக்குத் தெரிஞ்சது அவங்க தீயில இறங்கினது மட்டும்தான். "அந்தப் பொண்ணுக்கும் குதிரை ஓட்ட ஆசை இருந்திருக்குமோ என்னமோ"ன்னு கூட வந்த ஒரு அக்கா சொன்னாங்க. கொஞ்ச நேரம் யாரும் பேசல.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாரும் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரர், "என்ன வாங்கிட்டு வந்த?"ன்னு கேட்டார். ஒண்ணும் வாங்கலன்னு சொன்னேன்.

ஒண்ணு மட்டும் குறை. முதல்ல எட்டு பேரா இருந்தோம். எட்டாவது தங்கச்சிக்கு வண்டி இருக்கு, லைசென்ஸும் இருக்கு. "ஆஸ்பத்திரிக்குன்னா போ, பேங்க்குக்குன்னா போ, சும்மா எதுக்கு?"ன்னு வீட்டுல விடல. நாங்க கிளம்பினப்ப வாசல்ல நின்னு பார்த்தா. சைக்கிள் கிடைக்காம நின்னவளுக்கு அந்தப் பார்வை தெரியாதா? திரும்பி வந்ததும் அந்தப் பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். அவங்க கொஞ்சம் யோசிச்சிட்டு, "அடுத்த தடவை அவ வண்டியில நான் பின்னால உட்கார்ந்து வரேன்னு அவ வீட்டுல சொல்லு. எனக்குத் துணைக்குன்னா விடுவாங்க"ன்னாங்க.

இப்பவும் ஒரு காரணம் சொல்லித்தான் கூட்டிட்டுப் போகப் போறோம். பரவாயில்ல. அந்தத் தங்கச்சி மகள் வளர்ந்து வண்டி எடுக்கிறப்ப, காரணம் கேட்காத வீடா அது இருக்கணும்.