நசுங்கிய மூக்கு

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு வேப்பமரம் உண்டு. 1988-ஆம் வருஷம் அதன் அடியில் நான்கு நாள் ஒரு மோட்டார்ப் பட்டறையே நடந்தது. மாட்டு வண்டிக்கு வழிவிட ஒதுங்கிய அப்பா, சாலையோரப் புளியமரத்தில் மோதிவிட்டார். கனத்த தகடு போட்ட பழைய வண்டி. மூக்கு மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது. மேஸ்திரி பம்பரைக் கழற்றினார். வேப்பமரத்துக்கும் வண்டிக்கும் சங்கிலி பூட்டி, உள்ளே போன தகட்டை வெளியே இழுத்தார். பின்னால் ஓர் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டி ஒடுக்கெடுத்தார். ரேடியேட்டர் ஒழுக்குக்கு ஈயம் பற்றவைத்தாயிற்று. பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்ததும் வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது.

அப்பாவுக்கு ஸ்டியரிங் மார்பில் இடித்து மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. கட்டிலில் படுத்தபடியே, "வண்டின்னா இது வண்டி! இரும்புடா!" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். வண்டி நான்கு நாளில் எழுந்துவிட்டது. அவர் எழுந்து நடமாட நான்கு மாதம் ஆயிற்று. இந்தக் கணக்கில் ஏதோ இடிக்கிறதே என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மோதல் மோட்டாரோடு கூடப் பிறந்தது. பீரங்கி இழுப்பதற்காக க்யூன்யோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு நீராவி வண்டி செய்தார். கனத்த கொதிகலனை ஒற்றை முன்சக்கரத்துக்கும் முன்னால் தொங்கவிட்டிருந்தார். 1771-ல் அது ஒரு சுவரில் போய் முட்டியதாக ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியோ, வண்டி பாரிஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் மூக்கைப் படத்தில் பார்த்தால் சுவரின் மேல்தான் இரக்கம் வருகிறது.

வீட்டிலேயே பழுது பார்க்கலாம் என்ற தைரியத்துக்கு வித்திட்டது, என் எண்ணப்படி, 1908-ல் இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் நடந்த பரீட்சை. மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றி, உறுப்புகளை ஒன்றாகக் கலந்து, 89 உறுப்புகளுக்குப் பதில் கடைச் சரக்கிலிருந்து வேறு எடுத்துப் போட்டார்கள். பிறகு ஸ்பானரையும் திருப்புளியையும் வைத்துக்கொண்டே மூன்று கார்களையும் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். ராவுவதும் இழைப்பதும் வேண்டியிருக்கவில்லை. நொறுங்கியதைக் கழற்றி எறி, புதியதைப் பூட்டு; அவ்வளவுதான்.

ஆனாலும் கெட்டியான வண்டியே நல்ல வண்டி என்ற எண்ணம் உலகத்தை விட்டுப் போகவில்லை. அதைத் தலைகீழாக்கியவர் பேலா பாரென்யி. வியன்னாவுக்கு அருகே பிறந்தவர்; டைம்லர்-பென்ஸ் கம்பெனியில் பொறியாளர். ஆட்கள் உட்காரும் கூடு மட்டும் கெட்டியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும் என்றார். தேங்காயைக் கருங்கல்லில் போடுவதற்கும் வைக்கோல் போரில் போடுவதற்கும் உள்ள வித்தியாசந்தான். 1951-ல் மனுப் போட்டு 1952-ல் காப்புரிமை பெற்றார். 1959-ல் அந்த முறைப்படி அமைந்த மெர்சிடிஸ் கார் விற்பனைக்கு வந்தது. அப்பா புளியமரத்தில் மோதுவதற்கு 29 வருஷம் முன்பு!

2009-ல் அமெரிக்காவில், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று 1959-ஆம் வருஷத்து செவ்ரலே பெல் ஏர் காரையும் 2009-ஆம் வருஷத்து செவ்ரலே மாலிபு காரையும் 40 மைல் வேகத்தில் எதிரெதிரே மோதவிட்டது. பழைய காரில் ஆள் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான். புதியதில் காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பான். அந்தப் படத்தை நான் மூன்று தடவை பார்த்தேன்.

சென்ற மாதம் என் முறை வந்தது. முன்னால் போன லாரி சடக்கென்று நின்றது, நான் நிற்கவில்லை. என் பெண்ணும் நானும் ஒரு கீறல்கூட இல்லாமல் இறங்கினோம். மூக்குத்தான் போயிற்று. செலவுக்குப் பயந்து வண்டியை வேப்பமரத்தடிக்கே இழுத்து வந்து, அதே மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். எழுபத்தைந்து வயதிருக்கும் அவருக்கு.

பம்பர் என்று நான் நினைத்திருந்தது வெறும் பிளாஸ்டிக் உறை. அதற்குப் பின்னால் குறுக்கே ஓர் இரும்புச் சட்டம். அதைத் தாங்கி இரண்டு குட்டைக் குழல்கள், ஹார்மோனியத் துருத்தி போல மடிந்திருந்தன. "இது போல்ட்டு, மாத்திப்பிடலாம்" என்றார். பிறகு டேப்பை என் கையில் ஒரு முனை கொடுத்து, இடது மூலைக்கும் வலது மூலைக்கும் குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார். அரை அங்குலம் வித்தியாசம். குனிந்து, குழலுக்குப் பின்னால் நீளமாக ஓடிய சட்டத்தை விரலால் தடவினார். அங்கேயும் ஒரு சுருக்கம்.

"சூடு காட்டி இழுத்தா நேராயிடும் தம்பி, பார்வைக்கு. ஆனா இரும்போட பதம் போயிடும். அடுத்த தடவை மடங்க வேண்டிய இடத்துல மடங்காது. மேடையில வச்சு அளவு பார்த்து, வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். என்கிட்ட மரமும் சங்கிலியுந்தான் இருக்கு."

சங்கிலியைக் கோணிப்பையில் போட்டுக் கட்டினார். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா வண்டியை நல்லாத்தான் இழுத்தேன்" என்றார்.

டேப்பைச் சுருட்டிக் கொடுத்தேன். மறுநாள் லாரி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போயிற்று.