ரிப்போர்ட்டில் இல்லாத நோய்

1955 ஜூலை 13 அன்று லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு டாக்டரும் ஒரு வார்டு சிஸ்டரும் நோயில் படுத்தார்கள். தலைவலி, தொண்டை வலி, கைகால் பலவீனம். இரண்டே வாரத்தில் எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. 25ஆம் தேதி மருத்துவமனையையே மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தது அக்டோபர் 5இல். நவம்பர் முடிவதற்குள் ஊழியர்களில் 292 பேருக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே அங்கே படுத்திருந்த நோயாளிகளில் 12 பேருக்குத்தான். வைத்தியம் பார்த்தவர்களைத் தேடிப்பிடித்த நோய்!

அங்கே தொற்றுநோய்ப் பிரிவில் இருந்த மெல்வின் ராம்சே பல வருடங்கள் இந்த நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார். சின்ன வேலை செய்தால்கூடத் தசையின் பலம் திரும்ப மூன்று, நான்கு நாள் ஆகிறது, இதுதான் இதன் அடையாளம் என்றார். இதைப் படித்த அன்று நான் அழுதேன். மூன்று வருடம் முன்பு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு நடப்பது அதுதான். ஒரு வாளித் தண்ணீர் தூக்கினால் இரண்டு நாள் படுக்கை.

1970இல் மெக்ஈவ்டி, பியர்டு என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய கேஸ் தாள்களை எடுத்துப் படித்தார்கள். இது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்துப் பேசவில்லை. பத்திரிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த 'நாட்பட்ட சோர்வு நோய்' என்ற பெயர் இன்னொரு அடி. "சோர்வா? எனக்கும்தான் இருக்கு" என்று சொல்லாத சொந்தக்காரர் எனக்கு யாருமில்லை.

என் தாள்களும் தடிமன்தான். தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, தினமும் நடங்க, வாராவாரம் அஞ்சு நிமிஷம் கூட்டிக்கிட்டே போங்க" என்றார். நடந்தேன். நான்காவது வாரம் பாத்ரூமுக்கே அம்மா கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்.

அந்த யோசனைக்கும் ஒரு வரலாறு உண்டு. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினால் குணமாகும் என்று 641 பேரை வைத்து நடத்திய பேஸ் ஆய்வு 2011இல் லான்செட்டில் வந்தது. அதில் உடல் இயக்க மதிப்பெண் 65 இருந்தால் ஆய்வில் சேரும் அளவுக்கு நோயாளி. 60 வந்தாலே குணமானவர்களுக்கான அந்த வரம்பைத் தொட்டாயிற்று. கணக்கைப் பாருங்கள்! மற்றவற்றிலும் தேறிவிட்டால், முன்பைவிட மோசமாக இருப்பவர்கூட 'குணம்' ஆகலாம். நோயாளிகளே பல வருடம் போராடிக் கேள்வி கேட்டார்கள். 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்தப் பயிற்சியைச் சிகிச்சைப் பட்டியலிலிருந்து எடுத்தது.

இப்போது பார்க்கிற டாக்டர் முதல் நாள் ஃபைலைத் தொடவில்லை. "நேத்து என்னல்லாம் செஞ்சீங்க? இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் பேசினோம். மருந்து இல்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார். களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்தச் சொன்னார்.

வாளியை இப்போது கால்வாசிதான் நிரப்புகிறேன். குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கியிருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுத பதினோரு நாள் ஆனது.