எம்.ஜி.ஆர். ரசிகர்களின் சொல்லும் ஓவியர்களின் எழுத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

0. முன்னுரை

ஒரு நடிகரைக் கொண்டாடும் மக்கள் தம்மை எச்சொல்லால் சுட்டிக்கொள்கின்றனர், தாம் கொண்டாடுபவரை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்பன சமூகவியலார்க்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல. அவை மொழி வரலாற்றுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரியவை. வாட்போரும் சிலம்பமும் நிறைந்த படங்களால் புகழ்பெற்ற எம்.ஜி. ராமச்சந்திரனை (1917-1987) முன்னிறுத்தி அவ்வினாக்களை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

எம்.ஜி.ஆர். ரசிகர்களைப் பற்றிய ஆய்வுகள் குறைவல்ல. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூல், திரைப்பிம்பம் ஏழை மக்களின் இசைவைப் பெற்ற விதத்தைக் கடுமையாக விமரிசித்தது. சாரா டிக்கி 1993இல் வெளியிட்ட நூல், மதுரை நகர்ப்புற ஏழை மக்களிடையே ரசிகர் மன்றங்கள் செயற்பட்ட முறையை விளக்கியது. இவ்விரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ரசிகர்கள் தாமே கையாண்ட தமிழ்ச் சொற்கள் என்ன பொருள் தந்தன என்பது தனியே நோக்கத்தக்கது. அச்சொற்களை விட்டுவிட்டு ரசிகரைப் பற்றித் தீர்ப்புக் கூறுதல் சாட்சியைக் கேளாது வழக்கை முடித்தலை ஒக்கும்.

1. ரசிகரும் விசிறியும்

‘ரசிகர்’ என்பது சுவை எனப் பொருள்படும் ‘ரஸ’ என்ற வடசொல்லின் வழி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது இசையையும் இலக்கியத்தையும் நுட்பமாகத் துய்ப்பவரைக் குறித்தது. டி.கே. சிதம்பரநாத முதலியாருக்கு (1882-1954) ‘ரசிகமணி’ என்ற பெயர் வழங்கியமை இதற்குச் சான்று. கச்சேரி மண்டபத்திற்கும் இலக்கியக் கூட்டத்திற்கும் உரியதாயிருந்த இச்சொல்லைத் திரையரங்கின் தரை வகுப்பில் அமர்ந்திருந்தோர் தமக்கும் உரியதாக்கிக்கொண்டனர். கற்றோர் அவர்களுக்குச் சுவையறிவு இல்லை என்று கூறிவந்த காலத்தில், சுவைப்பவர் என்ற பெயரையே அவர்கள் சூடிக்கொண்டமை கருதத்தக்கது.

பிற திராவிட மொழிகள் வேறு வழியில் சென்றன. தெலுங்கும் கன்னடமும் ‘அபிமானி’ என்றன. மலையாளம் ‘ஆராதகன்’ என்றது. சுவைத்தல், பற்றுவைத்தல், வழிபடுதல் என ஒரே உறவு மூவகையாகப் பெயரிடப்பட்டுள்ளது. கன்னட நடிகர் ராஜ்குமார் (1929-2006) தம் ரசிகர்களை ‘அபிமானி தேவருகளே’ என விளித்தபோது, வழிபடுவோர் யார், வழிபடப்படுவோர் யார் என்பதே தலைகீழாயிற்று. தமிழிலும் அபிமானி என்ற சொல் அறியப்படாததன்று. தேசாபிமானி, பாஷாபிமானி என்ற வழக்குகள் இருந்தன. ஆயினும் திரைத்துறையில் அபிமானம் ‘அபிமான நட்சத்திரம்’ என்ற தொடரில் நடிகருக்கு அடையாயிற்று. பார்ப்பவர் ரசிகராகவே நின்றார்.

‘விசிறி’ என்ற சொல்லின் கதை மொழிபெயர்ப்பாளர்க்குச் சுவையூட்டும். ஆங்கிலத்தில் ‘ஃபேன்’ என ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று காற்றுவீசும் கருவியைக் குறிப்பது. மற்றது, வெறியர் எனப் பொருள்படும் ‘ஃபனட்டிக்’ என்பதன் குறுக்கம் என்பர் அகராதியாளர். தமிழ் இதழ்கள் முதற்சொல்லின் பொருளை எடுத்து இரண்டாம் சொல்லுக்கு இட்டன. வேடிக்கையாகப் பிறந்த இம்மொழிபெயர்ப்பு ‘உங்கள் தீவிர விசிறி’ எனும் அளவிற்கு நிலைபெற்றது. இப்பிழையால் ஒரு நன்மையும் விளைந்தது. ஆங்கிலச் சொல்லில் உறையும் வெறி தமிழுக்கு வராமல், தலைவர்க்கு அருகே நின்று காற்று வீசுபவரின் பணிவு மட்டும் வந்து சேர்ந்தது.

2. மன்றம்

தெலுங்கிலும் கன்னடத்திலும் ரசிகர் அமைப்புகள் பெரும்பாலும் ‘சங்கம்’ எனப்பட, தமிழில் ‘மன்றம்’ என்ற சொல் வேரூன்றியது. சங்க இலக்கியத்தில் மன்றம் என்பது ஊரார் கூடும் பொதுவிடம். திராவிட இயக்கம் படிப்பகங்களோடும் இளைஞர் அமைப்புகளோடும் இச்சொல்லுக்குப் புத்துயிர் அளித்தது. 1950களிலிருந்து பெருகிய எம்.ஜி.ஆர். மன்றங்கள் அவ்வழக்கையே பின்பற்றின. தெருமுனைக் கீற்றுக் கொட்டகையும் அதன் முகப்பில் தொங்கிய பெயர்ப்பலகையும் சேர்ந்து ‘மன்றம்’ ஆயின. கூடுமிடத்தையும் கூட்டத்தையும் ஒருங்கே சுட்டும் பழம்பொருள் இவ்வாறு மீண்டது.

மன்றங்கள் படம் வெளியாகும் நாளில் தோரணம் கட்டியதோடு நில்லாது, தண்ணீர்ப் பந்தல் அமைத்தல், ஏழை மாணவர்க்கு நோட்டுப்புத்தகம் வழங்குதல் போன்ற பணிகளையும் செய்தன. 1972 அக்டோபர் 17இல் எம்.ஜி.ஆர். அண்ணா தி.மு.கழகத்தைத் தொடங்கியபோது, இம்மன்றங்களே கட்சியின் அடித்தளமாயின. ‘மன்றம்’ ‘கிளை’யாயிற்று, ‘மன்றத் தலைவர்’ ‘கிளைச் செயலாளர்’ ஆனார். ஐந்தாண்டிற்குள் கட்சி ஆட்சிக்கு வந்த விரைவை விளக்குவோர் இப்பெயர் மாற்றத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

3. எம்.ஜி.ஆர். என்னும் பெயர்

1936இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’யில் அறிமுகமான இந்நடிகரின் பெயர் தொடக்கக் காலப் படங்களில் ‘ராம்சந்தர்’ என்றே காணப்பட்டது. பின்னர் ‘ராமச்சந்திரன்’ ஆயிற்று. மக்கள் வழக்கில் நிலைத்ததோ மூன்று ஆங்கில எழுத்துகளின் பெயர். முதலெழுத்துகளால் ஒருவரைச் சுட்டுதல் தமிழ்நாட்டில் புதிதன்று. எனினும் இப்பெயர் பேச்சில் ‘எம்ஜியார்’ என ஒலித்து, பெரியார், வள்ளலார் என்பனபோல் ‘ஆர்’ ஈற்று மதிப்புப் பெயராயிற்று. ‘எம்ஜியாரை’, ‘எம்ஜியாருக்கு’ என வேற்றுமை உருபுகளும் இயல்பாக ஏற்றது. ஆங்கில எழுத்தொன்று தமிழ் விகுதியாகக் கேட்கப்பட்டமை மதிப்பொட்டுகளை ஆராய்வோர்க்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆந்திரத்தில் என்.டி.ஆர். என்ற பெயரும் தமிழர் செவிக்கு இவ்வாறே ஒலித்தது.

4. பட்டங்களும் விளிகளும்

4.1. ரசிகர்களின் நெருங்கிய விளி ‘வாத்தியார்’ என்பது. ‘உபாத்தியாயர்’ என்பதன் வழிவந்த இச்சொல் பள்ளி ஆசிரியரைக் குறிக்கும். சடங்கு செய்விக்கும் புரோகிதரைக் குறிக்கும். நாடகக் கம்பெனியில் பாடமும் நடிப்பும் கற்பிப்பவரைக் குறிக்கும். சிலம்பக் கூடத்தில் கம்பு சுற்றக் கற்றுத்தருபவரையும் குறிக்கும். எம்.ஜி.ஆர். சிறுவயதில் பாய்ஸ் கம்பெனியில் பயின்றவர், சிலம்பம் அறிந்தவர். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் ரிக்‌ஷாவில் அமர்ந்தபடியே அவர் சிலம்பம் சுற்றும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. திரையில் அவர் பாடிய அறிவுரைப் பாடல்களால் முதற்பொருளும் பொருந்தியது. சண்டை கற்பிப்பவரும் ஒழுக்கம் கற்பிப்பவரும் ஒரு சொல்லில் இணைந்தனர். ராஜ்குமார் ‘அண்ணாவ்ரு’ எனவும் என்.டி. ராமராவ் ‘அன்ன’ எனவும் அழைக்கப்பட, எம்.ஜி.ஆருக்கு அம்முறைப்பெயர் முதன்மையாக அமையவில்லை. அண்ணாதுரைக்கு அது முன்னரே உரியதாகிவிட்டமை ஒரு காரணமாகலாம்.

4.2. ‘மக்கள் திலகம்’ என்ற பட்டம் எழுத்தாளர் தமிழ்வாணன் வழங்கியதாக அறியப்படுகிறது. சிவாஜி கணேசனின் ‘நடிகர் திலகம்’ என்பதோடு இது வடிவில் ஒத்திருப்பினும் பொருளில் வேறுபடும். நடிகர் திலகம் என்பது ‘நடிகருள் திலகம்’ என ஏழாம் வேற்றுமைத் தொகையாக விரியும். மக்கள் திலகமோ ‘மக்களுள் திலகம்’ எனவும், ‘மக்களுடைய திலகம்’ எனவும் இருவகையாக விரியும். முதல் விரிவில் அவர் மக்களுள் ஒருவர். இரண்டாவதில் அவர் மக்கள் தம் நெற்றியில் இட்டுக்கொண்ட பொட்டு. ‘தொழிலாளி’ (1964), ‘படகோட்டி’ (1964), ‘விவசாயி’ (1967) என உழைப்பாளர் பெயர்களையே படப்பெயராகக் கொண்ட நடிகருக்கு இவ்விரு பொருளும் தேவைப்பட்டன. மொழிபெயர்ப்பாளர் இவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்தாகவேண்டும், மற்றது இழக்கப்படும்.

4.3. ‘புரட்சி நடிகர்’ என்பது மு. கருணாநிதி வழங்கியதாக அறியப்படும் பட்டம். ‘புரள்’ என்ற வினையோடு உறவுடைய ‘புரட்சி’, சுழலுதல் என்ற மூலப்பொருள் கொண்ட ஐரோப்பியச் சொல்லுக்கு நேரான பொருத்தமுடையது. பாரதிதாசன் ‘புரட்சிக் கவிஞர்’ என வழங்கப்பட்டார். 1972இற்குப் பின் ‘நடிகர்’ நீங்கித் ‘தலைவர்’ வந்தமர்ந்தார். அடை மாறாமல் பெயர் மட்டும் மாறியதால், அது புதிய பட்டமாகத் தோன்றாது பழைய பட்டத்தின் வளர்ச்சியாகத் தோன்றியது. இலக்கணப்படி ‘புரட்சித் தலைவர்’ என ஒற்று மிக வேண்டும். சுவர்களிலும் துணிகளிலும் மிக்கும் மிகாமலும் அது எழுதப்பட்டது.

5. ஓவியரும் எழுத்தும்

இச்சொற்களை ஊரறியச் செய்தோர் பேனர் ஓவியர்கள். நிழற்படத்தின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டங்களைப் பெருந்துணியிற் பெருக்கி வரைந்து உருவத்தை அவர்கள் எழுப்பினர். ஒட்டுப்பலகையை உருவ விளிம்பில் அறுத்துச் சவுக்குக் கம்புகளால் முட்டுக்கொடுத்தால் ‘கட்-அவுட்’ ஆயிற்று. 1957இல் ‘வணங்காமுடி’ படத்திற்காகச் சென்னையில் எழுந்த சிவாஜி கணேசனின் பேருருவம் இக்கலையின் வரலாற்றில் நினைவுகூரப்படுவது. எம்.ஜி.ஆரின் முகத்திற்கு ரோஜா நிறத்தை மிகுத்துத் தீட்டுவது ஓவியர் மரபாயிற்று. மூலையில் தம் ‘ஆர்ட்ஸ்’ பெயரை அவர்கள் சிற்றெழுத்தில் இடுவர். பல ஓவியர்களைப் பற்றி எஞ்சிய சான்று அதுவேயாகும்.

இவ்வோவியர்கள் எழுத்து வரலாற்றுக்கும் உரியவர்கள். பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஆணையாக்கியது. ணா, றா, னா முதலியனவும், ணை, லை, ளை, னை என்பனவும் உட்படப் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. அவற்றுள் ‘லை’ ஒன்று. ‘தலைவர்’ என்ற சொல்லையே துதிக்கைபோல் வளைந்த பழைய ஐகாரத்தோடு எழுதிவந்த ஓவியர், அத்தலைவரின் ஆணையால் அதனைப் புதுவடிவில் எழுத நேர்ந்தது. இச்செய்தி ஆய்வாளர்க்குக் கருவியாகவும் பயன்படும். நாளிடப்படாத பேனர் நிழற்படமொன்றில் ‘புரட்சித் தலைவர்’ என்ற பட்டம் பழைய லைகாரத்தோடு காணப்படின், அது 1972இற்குப் பிற்பட்டது. 1978இற்கு நெடுநாள் பிற்பட்டதாக இருத்தல் அரிது. ஓவியர் கை ஒரே நாளில் மாறியிராது என்பதால் இதனைத் தோராய எல்லையாகவே கொள்ளவேண்டும்.

2000களில் கணினியால் அச்சிடப்படும் பிளெக்ஸ் பரவியது. துணியும் தூரிகையும் ஒதுங்கின. பழைய துணிகள் மீண்டும் வெள்ளையடிக்கப்பட்டு அடுத்த படத்திற்கு உதவியமையால், வரைந்த ஓவியமே எஞ்சுதல் அரிதாயிற்று.

6. முடிவுரை

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோது துயர் தாளாது உயிர்நீத்தோரும் உண்டு. அதனை மறைத்தலும் கூடாது. அது ஒன்றையே ரசிகத்தன்மையின் முழுப்பொருளாக்குதலும் கூடாது. சுவைஞன் என்ற பெயரைக் கற்றோரிடமிருந்து பெற்றும், ஊர்ப்பொதுவிடத்தின் பெயரைத் தம் கொட்டகைக்கு இட்டும், ஆசிரியர் பெயரால் நடிகரை அழைத்தும் மொழியைத் தம் தேவைக்கேற்ப ஆண்டவர்களை வெறும் ஏமாளிகள் எனல் பொருந்தாது. ரசிகரை ‘ஃபேன்’ எனப் பெயர்க்கும்போது, மொழிபெயர்ப்பாளர் தாம் அறியாமலே வெறியர் என்ற தீர்ப்பையும் எழுதிவிடுகிறார்.

2019இல் சென்னை மத்திய ரயில் நிலையத்திற்கு எம்.ஜி.ஆரின் பெயர் சூட்டப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலும் ‘புரட்சித் தலைவர்’ மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்க்கப்பட்டே நிற்கிறது. அரசே பெயர்க்கத் தயங்கிய இச்சொற்களுக்கு விளக்க அகராதி ஒன்று தேவை. மன்ற நோட்டீசுகள், பாட்டுப்புத்தகங்களின் ஓரங்களில் எழுதப்பட்ட வாழ்த்துகள், முதிய ஓவியர்களின் தொழிற்சொற்கள் ஆகியவை அதற்கு மூலங்களாகும். தூரிகை பிடித்த தலைமுறை இன்னும் சிலரேனும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் பணி முதலில் தொடங்கப்படவேண்டும்.