டாம்கேட் நேட்டிவ்

டாம்கேட் நேட்டிவ் என்பது, அப்பாச்சி டாம்கேட் எனும் ஜாவா வலை வழங்கியைச் சி மொழியில் எழுதப்பட்ட ஏபிஆர், ஓப்பன்எஸ்எஸ்எல் ஆகிய நிரலகங்களுடன் இணைக்கும் மென்பொருள் ஆகும். 1997இல் ஜேடிகே 1.1 பதிப்புடன் வெளிவந்த ஜேஎன்ஐ எனும் இடைமுகத்தின் வழியே இவ்விணைப்பு நிகழ்கிறது. இதன் வழுக்கள் ஜாவாவின் வழமையான வழுக்களிலிருந்து வேறுபட்டவை, கண்டறிவதற்கும் கடினமானவை.

நிரலகம் ஏற்றப்படாமை

ஜாவா.லைப்ரரி.பாத் எனும் பண்பு சுட்டும் அடைவுகளில் நிரலகம் இல்லையெனில் டாம்கேட் நின்றுவிடுவதில்லை. தகவல் நிலையில் ஒரு வரியைப் பதிந்துவிட்டு, ஜாவாவிலேயே எழுதப்பட்ட இணைப்பானைக் கொண்டு இயங்கத் தொடங்கும். இவ்வரி எளிதில் கவனத்திலிருந்து தப்பிவிடும். டாம்கேட் 6, 7 பதிப்புகளில் ஏபிஆர் இணைப்பான் சான்றிதழைத் தனிக் கோப்பாக எதிர்பார்த்தது. ஜாவா இணைப்பானோ சாவிக்கிடங்கை எதிர்பார்த்தது. ஆகவே, நிரலகம் ஏற்றப்படாதபோது ஏனைய யாவும் ஒழுங்காக இயங்க, எச்டிடிபிஎஸ் வாயில் மட்டும் திறக்காது போகக்கூடும். சான்றிதழில் குறை தேடுவோர் உண்மைக் காரணத்தைக் காண்பதில்லை.

கோப்பு உரிய இடத்தில் இருந்தும் ஏற்றம் தோல்வியுறலாம். 32-பிட் நிரலகத்தை 64-பிட் ஜாவா மெய்நிகர் பொறி ஏற்காது. அந்நிரலகம் சார்ந்திருக்கும் ஏபிஆர் அல்லது ஓப்பன்எஸ்எஸ்எல் காணப்படாவிடினும் அன்சாட்டிஸ்ஃபைட்லிங்க்எரர் என்னும் பிழையே எழும். லினக்சில் எல்டிடி கட்டளை இச்சார்புகளைப் பட்டியலிடும்.

மெய்நிகர் பொறியின் வீழ்ச்சி

மிகக் கொடியது இவ்வகையே. சி மொழிப் பகுதியின் நினைவக முகவரி, ஜாவாவில் வெறும் லாங் எண்ணாகவே கையாளப்படுகிறது. ஓர் இழை இணைப்பை மூடி நினைவகத்தை விடுவித்த பின்னர், மற்றோர் இழை அதே எண்ணைப் பயன்படுத்தினால் மெய்நிகர் பொறி முழுவதும் வீழும். அதில் இயங்கிய எல்லாச் செயலிகளும் உடன் வீழும். ஜாவாவின் விதிவிலக்குக் கையாளல் இங்கு உதவாது. எச்எஸ்_எர்_பிஐடி எனத் தொடங்கும் கோப்பு ஒன்றே பெரும்பாலும் எஞ்சும் தடயம். அதில் சிக்கலுக்குரிய சட்டகம் சி என்ற எழுத்துடனும் நிரலகத்தின் பெயருடனும் குறிக்கப்பட்டிருப்பின், தவறு நேட்டிவ் பகுதியில் வெளிப்பட்டது என அறியலாம். எனினும் அதன் தோற்றுவாய் ஜாவாப் பகுதியிலும் இருக்கக்கூடும்.

2022இல் நிலைப்பதிப்பான டாம்கேட் 10.1இல் ஏபிஆர் இணைப்பான் நீக்கப்பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் பயன்பாட்டிற்காக மட்டும் இந்நிரலகம் தொடர்கிறது.